சரத் ருதுவும் நம் சமையலறையும்

(ஈஜிபுராவில் நடந்த ஐப்பசி மாத உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இலையுதிர் காலத்தில் வீட்டில் அனுபவிக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்கள்" பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இலையுதிர் காலம் என்பது வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் போட்டோவில் வருவது. மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும், மாட்டுப்பெண் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நிற்பாள். நம் ஊரில் இலை உதிர்வது மாசி பங்குனியில். இந்த ஐப்பசியில் ஈஜிபுராவில் இலை உதிரவில்லை, மழைதான் கொட்டுகிறது. ஆகையால் தலைப்பை நானே மாற்றிக்கொண்டுவிட்டேன். நமக்கு இது சரத் ருது. மாமாக்கள் அமாவாசைத் தர்ப்பணத்திலும் பூஜை சங்கல்பத்திலும் "சரத் ருதௌ, துலா மாஸே" என்று சொல்லுகிறீர்களே, அந்த சரத் ருதுதான். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது. இதே இரண்டு மாதத்தைத் தமிழில் கூதிர் காலம் என்று வைத்தார்கள். கூதிர் என்றால் குளிர்ந்த காற்று. வார்த்தையைச் சொல்லும்போதே போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது, இல்லையா?

சங்கல்பத்தில் ருதுவின் பெயரைச் சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து பார்க்காமலே ஆபீஸுக்குப் போய்விடுகிறோம். ருது வந்திருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டாம். சமையலறைக்குப் போனால் போதும். முதல் அடையாளம் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். சென்னையில் இருந்தவரை நான் உறைந்த தேங்காய் எண்ணெயை மார்கழியில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் அபூர்வமாக. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற இந்த ஊரிலோ, ஐப்பசி ராத்திரிகளில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. காலையில் எழுந்து அவியலுக்கு எண்ணெய் விடலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. ஓரத்தில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டிருக்கும். "சரி, வந்துவிட்டாய்" என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாவது அடையாளம் எல்லா மாமிகளுக்கும் தெரிந்தது, தோசை மாவு. கோடையில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழிந்து மேடையை நாசம் பண்ணின அதே மாவு, இப்போது மறுநாள் காலைவரை கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி சுற்றிலுமான சூடுதான் பிடிக்கும். நாம் குளிரில் சோம்பேறியாக இருப்பது போலத்தான் அவையும். வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அரைக்கிறபோது ஐஸ் தண்ணீர் விடாமல் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். உப்பைப் போட்டுக் கரண்டியை விட்டுவிட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒரு பழைய கம்பளித் துணியைச் சுற்றி, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை வந்து, மாவு மேலே எழும்பி நின்றால் ஒரு சந்தோஷம் வருகிறதே, கோடையில் அது கிடையாது. கஷ்டப்பட்டுப் புளித்த மாவில் வார்க்கிற இட்லிக்கு ருசி கூடுதல் என்பது என் அபிப்பிராயம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

புளிக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அடை இருக்கிறது. நவராத்திரிக்கு வாங்கின கொண்டைக்கடலை, காராமணி, பயறு, மொச்சை எல்லாம் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பிடி மிஞ்சியிருக்குமே, அத்தனையையும் ஒன்றாகப் போட்டு ஊற வைத்து, அரிசி, மிளகாய், பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்துவிடுங்கள். முருங்கைக்கீரை கிடைத்தால் உதிர்த்துப் போடுங்கள். மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம். வெளியே மழை. இதற்கு மேல் ஒரு சாயங்காலத்துக்கு என்ன வேண்டும்?

மழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. பெங்களூர் இரண்டு பருவமழையிலும் நனைகிற ஊர். தென்மேற்குப் பருவக்காற்று போகிற போக்கில் கொட்டும், வடகிழக்கு வருகிற வழியில் கொட்டும். அதனால் செப்டம்பரும் அக்டோபரும்தான் இங்கே அதிகம் மழை பெய்கிற மாதங்கள். பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும், ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து. நம் பேட்டையில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் வேலை ஆரம்பித்த மேம்பாலம் வருஷக்கணக்காக வெறும் தூண்களாக நின்றதைப் பார்த்தவர்கள் நாம். கோரமங்கலாவிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் ஒரு ஸஹஸ்ரநாமம் சொல்லி முடித்துவிடலாம். அப்படி நனைந்து, சேற்றை மிதித்து, அலுத்துப்போய் வருகிறவர்களுக்கு வீட்டில் என்ன சாப்பாடு வைக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

என் ஓட்டு மிளகு ரசம், பருப்புத் தொகையல், சுட்ட அப்பளம். துவரம்பருப்பை நிதானமாகச் சிவக்க வறுத்து, இரண்டு மிளகாய், கொஞ்சம் மிளகு, துளி புளி, தேங்காய் வைத்துக் கெட்டியாக அரைத்த தொகையல். ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் அப்போதே பொடி பண்ணிப் போட வேண்டும். போன மாதம் பொடித்து வைத்ததைப் போட்டால் காரம் இருக்கும், வாசனை இருக்காது. நெய்யில் கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டி மூடிவிட வேண்டும். லிப்ட் கதவு திறக்கும்போதே வாசனை போய் வரவேற்க வேண்டும். இது விருந்து இல்லை, இருபத்தைந்து நிமிஷ சமையல். எத்தனையோ வீட்டில் இந்த நேரத்தில் மொபைலில் ஆர்டர் பண்ணி, அந்தப் பையன் மழையில் நனைந்துகொண்டு வண்டியில் கொண்டுவந்து தருகிறான். அவனுக்கு அது பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிற ரசத்துக்கு நெய் தாளித்த சத்தம் கிடையாது. அப்படி வருகிற பையனுக்கு ஒரு டம்ளர் வெந்நீராவது, காபியாவது கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

காபி பற்றி நான் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடியாது. ஒன்றே ஒன்று. கூர்க்கிலும் சிக்கமகளூரிலும் அராபிகா பழம் பறிக்க ஆரம்பிப்பது கார்த்திகை வாக்கில்தான். அந்தத் தோட்டங்களிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறோம் நாம். கடையில் போய் வறுத்து அரைத்துக்கொண்டு வருகிறவரை அந்தப் பொட்டலம் கையில் சூடாக இருக்கும். இந்தக் குளிரில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஒரு சுகம். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். வாசனை போய்விடும். அடுத்த வாரம் மறுபடி நடக்கலாம், டாக்டரும் நடக்கத்தானே சொல்லியிருக்கிறார்.

இப்போது நவராத்திரிக்கு வருகிறேன். இப்போதுதான் பொம்மைகளைத் துணியில் சுற்றி மேலே ஏற்றியிருக்கிறோம், முதுகுவலி இன்னும் போகவில்லை. இங்கே கன்னடக்காரர்கள் வீட்டிலும் கொலு உண்டு, பொம்மை ஹப்பா என்று சொல்வார்கள். நம் வீட்டுப் படியில் தஞ்சாவூர்த் தலையாட்டி இருந்தால், அவர்கள் வீட்டில் மைசூர் ராஜா தசராவுக்கு யானைமேல் போவார். சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் இரண்டு வீட்டிலும் இருக்கும். நம் வீட்டில் சுண்டல், அவர்கள் வீட்டில் கோசம்பரி. ஒன்பது நாளும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டால் ராத்திரிச் சமையலே வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மகளிர் அணி மாமிகள் சிலருக்கு நான் சொல்லப்போவது பிடிக்காமல் போகலாம். என் வயதில் இதைச் சொல்லாவிட்டால் பிறகு யார் சொல்வது?

என் ஆத்துக்காரர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை நவராத்திரி ஒன்பது நாளும் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். "மாமி, சாயங்காலம் மஞ்சள் குங்குமத்துக்கு வந்துவிடுங்கோ." நாலு பிளாக்குக்கும் நடந்து நடந்து கால் வலிக்கும். அவர் போன வருஷம் பண்டிகை இல்லை, அது முறை, யாரும் கூப்பிடவில்லை, அதுவும் சரி. இரண்டாவது வருஷமும் போன் வரவில்லை. மூன்றாவது வருஷமும் வரவில்லை. யாருக்கும் என்மேல் துவேஷம் இல்லை. சங்கடமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். "கூப்பிட்டுவிட்டுத் தாம்பூலம் கொடுப்பதா வேண்டாமா, குங்குமத்தை நீட்டுவதா வேண்டாமா, மாமி மனசு கஷ்டப்படுமோ" என்று யோசித்து, யோசித்து, கூப்பிடாமலே இருந்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே குழந்தைகள் பட்டுப்பாவாடை சரசரக்க ஓடுகிற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டில் யாரோ பாடுகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்தப் பாட்டு தெரியும். நான்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது.

பிறகு மாடியில் குடியிருக்கும் ஒரு கன்னடப் பெண், இந்த விவரமெல்லாம் யோசிக்காதவள், "ஆன்ட்டி, பொம்மை பார்க்க வாருங்கள்" என்று நேராக வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். போனேன், பாடினேன், கோசம்பரி சாப்பிட்டேன். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து நானே என் வீட்டில் கொலு வைக்கிறேன். மூன்று படி. எல்லோரையும் கூப்பிடுகிறேன். சுமங்கலி, கன்யாகுழந்தை, என்னைப் போன்றவர்கள், கல்யாணமே ஆகாமல் ஐடி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு பேயிங் கெஸ்ட் விடுதியில் இருக்கும் பெண்கள், யாராக இருந்தாலும் சரி.

குங்குமம் கொடுக்கிற முறை உங்கள் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும், பெரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள், நான் அதில் தலையிடவில்லை. ஆனால் சுண்டலுக்கும் பாட்டுக்கும் எந்த சாஸ்திரமும் தடை சொன்னதாக நான் கேட்டதில்லை. நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எழுபது வயதுக்கு மேல் தனியாக இருக்கும் மாமிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த நவராத்திரிக்கு அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். "கொலு பார்க்க வாங்கோ மாமி" என்றால் போதும். அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டாம்.

அடுத்த விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. நம் அக்கம்பக்கத்தில் மாத்வர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாதுர்மாஸ்யத்தில் நாலு மாதமும் நாலு விரதம் அவர்களுக்கு. முதல் மாதம் காய்கறி இல்லை, இரண்டாவது மாதம் தயிர் இல்லை, மூன்றாவது மாதம் பால் இல்லை, நாலாவது மாதம் பருப்பு இல்லை. இந்த நாலாவது, த்விதள விரதம், எப்போது ஆரம்பிக்கிறது பாருங்கள், விஜயதசமி முடிந்த கையோடு. ஒன்பது நாள் சுண்டலாகச் சாப்பிட்ட வயிற்றுக்கு உடனே பருப்பு, பயறிலிருந்து விடுமுறை! யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களுக்கு என் நமஸ்காரம். கார்த்திக மாதம் உத்தான துவாதசி வரைக்கும் இது நடக்கும். நடுவில் தீபாவளி வருகிறது. கண்டிப்பாக விரதம் இருக்கிற வீட்டில் லட்டு கிடையாது, மைசூர்பாகு கிடையாது, உளுந்து போட்ட முறுக்கு கிடையாது. கடலைமாவு இல்லாமல் தீபாவளியா என்று நாம் கேட்போம். அவர்கள் தேங்காயும் ரவையும் கோதுமையும் வைத்துக்கொண்டு அழகாகச் செய்துவிடுகிறார்கள்.

நானும் அந்த மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பருப்பில்லாமல் சமைத்துப் பார்க்கிறேன். பருப்பு போடாத மிளகு சீரக ரசம், மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்புக்குப் பதில் ஊறவைத்த அரிசியை அரைத்து விடுவது, சௌசௌவில் தேங்காயும் சீரகமும் மட்டும் அரைத்த கூட்டு. சௌசௌவுக்கு நம் ஊரில் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று பெயர். இங்கே வந்து கேட்டால் சீமைக் கத்திரிக்காய் என்கிறார்கள். உண்மையில் அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. எந்த ஊர்க்காரரும் அதைத் தன் ஊர்க் காய் என்று ஒப்புக்கொள்வதில்லை, பாவம்! இந்த மழைக்காலத்தில் இளசாகக் கிடைக்கும். தோலைக்கூட வீணாக்காமல் தொகையல் அரைக்கலாம்.

ஐப்பசிக்குத் துலா மாதம் என்று பெயர். துலா ஸ்நானம் என்று மாயவரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடுவோம். மாயவரத்தில் ஐப்பசி கடைசி நாள் கடைமுகம், அதைத் தவறவிட்டவர்களுக்குக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. ஸ்ரீரங்கத்தில் இந்த மாதம் பெருமாளுக்குத் தங்கக் குடத்தில் காவேரித் தீர்த்தம் யானைமேல் வரும். குடகில் தலைக்காவேரியில் துலா சங்கராந்தி அன்று தீர்த்தோத்பவம். இதெல்லாம் நமக்குத் தெரியும். நம் ஈஜிபுராக் குழாயில் வருவதும் அதே காவேரிதான் என்பது மட்டும் மறந்துபோகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்குப் பம்பு வைத்து ஏற்றி, 1974 முதல் இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபர் 16-ஆம் தேதி ஐந்தாவது கட்டத் திட்டத்தைத் திறந்து வைத்தார்கள். மறுநாள் துலா சங்கராந்தி. திட்டமிட்டுச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, எனக்குப் பிடித்திருந்தது.

அதே 2024-ன் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, டேங்கருக்குப் பேரம் பேசி, அபார்ட்மெண்டுகளில் நேரம் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பாத்திரம் தேய்க்கும் பெண், "மாமி, எங்கள் தெருவில் இன்றைக்கும் தண்ணி வரவில்லை" என்று சொல்லிவிட்டு நம் வீட்டிலிருந்து இரண்டு குடம் எடுத்துக்கொண்டு போவாள். அதற்குப் பிறகு இந்த ஊர்க்காரர்களின் ஒரு வழக்கம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. நரக சதுர்த்தசிக்கு முதல் நாள் சாயங்காலம் நீரு தும்புவ ஹப்பா, அதாவது தண்ணீர் நிரப்பும் பண்டிகை. அண்டாவைத் தேய்த்து, கோலமிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, புதுத் தண்ணீர் நிரப்பிப் பூஜை செய்வார்கள். நம் வீடுகளிலும் வெந்நீர் அண்டாவுக்கு மஞ்சள் தடவுவது உண்டு. இப்போது அண்டா இல்லை, கீஸர்தான். நான் கீஸருக்கே சந்தனம் குங்குமம் வைக்கிறேன். என் பேத்தி வீடியோவில் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். அந்தத் தண்ணீர் பூமிக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை மொட்டைமாடிக்குப் போய்க் குழாயில் அடைத்திருக்கும் இலையை எடுத்துவிட்டு வாருங்கள். மாமாக்களுக்குத்தான் சொல்கிறேன்.

தீபாவளி வருகிறது. வருஷா வருஷம் நம் கூட்டத்தில் ஒரு வாக்கியம் கேட்கிறேன். "நாங்கள் இரண்டே பேர், பிள்ளை டல்லஸில், பெண் சிட்னியில், இரண்டு பேருக்கும் சர்க்கரை, எதற்குப் பண்டிகை, எதற்குப் பக்ஷணம்?" நியாயமான கேள்வி. நம் அம்மாக்கள் மாதிரி டின் டின்னாகத் தேன்குழலும் மனோகரமும் பண்ண வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அடுப்படியில் அவர்கள் வெந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து "உப்புக் கொஞ்சம் கம்மி" என்பார்கள். அது திரும்பி வர வேண்டாம். முறுக்கை நன்றாகப் பிழிகிறவர்களிடம் வாங்குங்கள், அதில் ஒரு கெளரவக் குறைவும் இல்லை. நாலு பேர் குடும்பம் பிழைக்கும்.

ஆனால் தீபாவளி மருந்தை மட்டும் வீட்டில் கிளறுங்கள். பக்ஷணத்தைக் குறைத்தாலும் மருந்தை விடாதீர்கள் என்பது என் கட்சி. இந்தக் குளிருக்கும், ஈரத்துக்கும், மந்தமான வயிற்றுக்கும் நம் பெரியவர்கள் வைத்தது அது. அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். சுக்கு 20 கிராம், கண்டந்திப்பிலி 10 கிராம், அரிசித்திப்பிலி 10 கிராம், சித்தரத்தை ஒரு சின்னத் துண்டு, மிளகு, சீரகம், ஓமம் தலா ஒரு மேசைக்கரண்டி, தனியா இரண்டு மேசைக்கரண்டி. திப்பிலிக் கொடியின் காய் அரிசித்திப்பிலி, அதன் வேரும் அடித்தண்டும் கண்டந்திப்பிலி. இரண்டும் வேண்டும். சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். சுக்கையும் கண்டந்திப்பிலியையும் முதலில் அம்மியிலோ சின்ன உரலிலோ நசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். எல்லாவற்றையும் வெறும் வாணலியில் லேசாகச் சூடு வர வறுத்துப் பொடித்துச் சலியுங்கள்.

200 கிராம் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான உருளியில் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போனதும் பொடியைத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். நடுநடுவே நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, பிறகு நெய், கால் கப் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. கையில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் பிரிந்து வந்தால் இறக்குங்கள். இன்னும் கெட்டியாகட்டுமே என்று விட்டால் மறுநாள் உளி வேண்டியிருக்கும். நன்றாக ஆறினபிறகு இரண்டு கரண்டி தேன். ஒரு மணி நேர வேலை. இந்தக் கிளறுகிற வேலைக்குக் கை பலம் வேண்டும், ஆகையால் அது மாமாக்கள் டிபார்ட்மெண்ட். எங்கள் பிளாக்கில் ரிட்டயர்டு பாங்க் மானேஜர் ஒருவர் இப்போது எட்டு வீட்டுக்குக் கிளறித் தருகிறார். உத்தியோகத்தில் இருந்தபோது அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை என்று அவர் ஆத்து மாமியே சொல்கிறாள்.

வெல்லம் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், வயிற்றில் புண் இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மருந்து என்று பெயர் இருப்பதால் அளவில்லாமல் தின்னலாம் என்று அர்த்தம் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கார்த்திகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை தீபத்துக்கு நெல்பொரி உருண்டை, வெல்ல அடை, அப்பம். அகல் விளக்கைப் பால்கனியில் வையுங்கள், காற்றுக்கு அணைந்தால் திரும்ப ஏற்றுங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவர் ஏற்ற, ஒருவர் கையால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கலாம். கார்த்திக மாதக் கடைசி சோமவாரம் பஸவனகுடியில் கடலேக்காயி பரிஷே, பெரிய நந்தி கோவில் வாசலில். தெரு முழுக்க மலை மலையாக வேர்க்கடலை. பச்சையாக, வேகவைத்து, வறுத்து, எப்படி வேண்டுமோ அப்படி. வயலில் கடலையைத் தின்ற நந்திக்கு முதல் அறுவடையைக் கொடுத்து சமாதானப்படுத்தினார்கள் என்று கதை. கோவில் கெம்பே கௌடர் காலத்தது, வேர்க்கடலையோ தென் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது. எப்போது வந்து எப்போது நந்தி தின்றது என்று குறுக்குக் கேள்வி கேட்காமல் ஒரு படி வாங்கிக்கொண்டு வந்து, உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்து, டிவி முன்னால் உட்கார்ந்து உரித்துச் சாப்பிடுங்கள். உத்தான துவாதசிக்குத் துளசிக்குப் பக்கத்தில் நெல்லிக் கொம்பு நட்டுப் பூஜை செய்வார்கள் இங்கே, அந்தச் சமயத்தில் நெல்லிக்காய் வர ஆரம்பிக்கும். அதன் பின்னாலேயே அவரைக்காய் வாசனை மார்க்கெட்டில் கிளம்பிவிடும். அது ஹேமந்த ருது, வேறு கூட்டத்துக்கு வேறு பேச்சு.

காலையில் நடக்கப் போகிறவர்கள் கொஞ்சம் கீழேயும் பாருங்கள். மரமல்லி இந்த மாதங்களில்தான் உதிரும். நீளக் காம்போடு வெள்ளை வெள்ளையாக நடைபாதை முழுக்க விழுந்து கிடக்கும். பவழமல்லி இருக்கிற காம்பவுண்டு எது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், எல்லோரும் வந்துவிடுவீர்கள்.

வாசல் பக்கத்து மேஜையில் எவர்சில்வர் டப்பாவில் மருந்து வைத்திருக்கிறேன். ஆளுக்குச் சுண்டைக்காய் அளவு. பேங்க் மானேஜர் மாமா கிளறினது. காபி குடிப்பதற்கு முன்னால் சாப்பிடுங்கள், பின்னால் சாப்பிட்டால் காரம் தெரியாது. நமஸ்காரம்.